காற்றுத் தலைவலி

"சர்க்கரை வேணாம் சார். மாத்தே டீ எனக்குக் கசப்பாத்தான் இருக்கணும்."

"இந்த நிலைமையிலயும் ருசி பாக்குற பாரு."

"ருசிக்கு இல்ல சார். கசப்பா இருந்தாத்தான் பேச்சு ஒழுங்கா வரும்."

நீங்கள் சர்க்கரை டப்பாவை மூடிவிட்டு, முதலிலிருந்து சொல் என்றீர்கள். சொல்கிறேன். என் பெயர் ஆன்செல்மோ. இந்த ஊரில் கேஸ் ஹீட்டர்களைப் பழுதுபார்க்கிறவன். உங்கள் போலீஸ் ஸ்டேஷன் சுவரில் இருக்கிறதே, அதைக்கூடப் போன குளிர்காலத்தில் நான்தான் கழற்றிச் சுத்தம் செய்தேன். சுடர் நீலமாக, சரியாக எரிகிறது. என்னை உள்ளே கூட்டிவந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தேன்.

ஒதிலியாவின் வீட்டில் இருப்பது வேறு மாதிரி. அவள் புருஷன் எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்த்தபோது வாங்கிப் போட்டது. சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் ஆள் உயரத்துக்கு நிற்கும். குளிர்காலத்தில் கேஸை எரித்துச் சூடான காற்றையும், நாங்கள் கோடை என்று சொல்லிக்கொள்ளும் சில நாட்களில் குளிர்ந்த காற்றையும் குழாய் வழியே எல்லா அறைகளுக்கும் அனுப்பும். மற்ற மெக்கானிக்குகள் அதைக் கண்டால் ஒதுங்கிப் போவார்கள். புருஷன் செத்த பிறகு அந்த யூனிட்டுக்கு நான் மட்டும்தான்.

அதில் பர்னருக்கு முன்னால் ஒரு மெல்லிய கம்பி உண்டு. சுடர் எரிகிறதா என்று பார்ப்பது அதன் வேலை. அழுக்குப் படிந்தால் அதற்குச் சுடர் தெரியாது. உடனே கேஸ் மூடிக்கொள்ளும். வீடு குளிர்ந்துவிடும், ஆபத்து இல்லை. அந்தக் கம்பியைப் பளிச்சென்று தேய்த்துவிட்டால் ஒரு குளிர்காலம் முழுக்கத் தாங்கும். நான் பளிச்சென்று தேய்க்கமாட்டேன். அவ்வளவுதான் செய்தேன். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை.

கொஞ்ச நாளில் மறுபடி அணையும். கூப்பிடுவாள், போவேன். மாவைப் பொரித்து வைத்திருப்பாள். அவள் மகள் மிலாக்ரோஸ், வீட்டில் மில்லி, என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கழற்றும் திருகுகளை வாங்கித் தன் தொப்பிக்குள் போட்டுக்கொள்வாள்.

"அண்ணே, இந்த மெஷினுக்கு உங்க மேல காதல்" என்பாள் ஒதிலியா. "நீங்க வந்தாத்தான் ஒழுங்கா ஓடுது. நீங்க தெரு முனை திரும்பினதும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குது."

நானும் சிரிப்பேன். அண்ணே என்கிற சொல்லை மட்டும் காதில் வாங்கிக்கொள்ளாமல் இருக்கப் பழகியிருந்தேன்.

பிறகு ஃபாபியான் வந்தான். லாரி ஓட்டுகிறவன். அவனுடைய பூட்ஸ் அந்த வீட்டு வாசலில் கிடக்க ஆரம்பித்தது. ஒருநாள் ரொட்டிக்கடையில் எல்லோர் முன்னாலும் என் தோளைத் தட்டினான்.

"என்ன பெருசு, இதுக்கா இத்தனை வருஷம் டூல் பெட்டியத் தூக்கிட்டு வந்தீங்க? பாத்திரம் தேய்க்கிற நார எடுத்து அந்தக் கம்பியில ஒரு இழு இழுத்தேன், முடிஞ்சுது. உங்க காதலி இப்ப எங்கிட்ட மயங்கிட்டா, போங்க."

யூனிட்டைத்தான் சொன்னான். கடையே சிரித்தது.

அந்த வருஷம் என் போன் அடிக்கவில்லை. பயம் என்றால் என்ன என்று நீங்கள் கேட்டீர்களே, அதுதான் சார். வெளியே காற்று தகரங்களைப் பிடுங்கி எறியும். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு யாரோடாவது உட்கார்ந்திருக்கும். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு, அது செத்துவிட்டதா என்று திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்ப்பேன். என் அறை ஹீட்டர் அணைந்திருந்தது. அதை ஏற்றக்கூடத் தோன்றவில்லை.

அதனால் ஒதிலியா கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கூரையைப் பார்க்கவேண்டும் என்று மிலாக்ரோஸிடம் சொல்லி மேலே ஏறினேன். அவள்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். கூரைக்கு அடியில், புகைக்குழாய் இணையும் இடத்தில் திருகைக் கழற்றிக் குழாயைக் கொஞ்சம் விலக்கினேன். ஏன் என்று கேளுங்கள். புகை வெளியே போகாமல் திரும்பினால் யூனிட்டை அணைப்பதற்கென்றே ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது அணைத்துவிடும். ஃபாபியான் எத்தனை நார் கொண்டு தேய்த்தாலும் எரியாது. என்னைத்தான் கூப்பிட்டாக வேண்டும். கழற்றிய திருகை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நீங்கள் அங்கிருந்துதான் எடுத்தீர்கள்.

கூப்பிட்டாள். ஆனால் குளிருகிறது என்று சொல்லவில்லை.

"அண்ணே, காலைல எழுந்தா தலை பிளக்குது. மில்லிக்கு ஒரே வாந்தி. மெஷின் நல்லாத்தான் ஓடுது. எதுக்கும் ஒரு தடவை பாத்துட்டுப் போங்களேன்."

மெஷின் நல்லாத்தான் ஓடுது என்றாள். சுவிட்ச் அதை அணைத்திருக்கவேண்டும்.

போனேன். அவர்கள் நாய் வாசலுக்கு வெளியே, புழுதிக் காற்றில் சுருண்டு படுத்திருந்தது. என்னைப் பார்த்து வாலை ஆட்டியது, கதவைத் திறந்தபோது உள்ளே வரவில்லை. ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் வியர்த்து வழிந்தன. சின்ன அறையில் சுடர் மஞ்சளாக, சோம்பலாக ஆடிக்கொண்டிருந்தது. சுவிட்சின் இரண்டு கம்பிகளும், இனி அது எதையும் அணைக்க முடியாதபடி, ஒன்றாக முறுக்கிக் கிடந்தன.

"அது நான் பண்ணதுதான்" என்றான் ஃபாபியான். "காத்தடிச்சா சும்மா சும்மா அணைச்சிட்டிருந்துச்சு. இப்ப நிக்கவே மாட்டேங்குது பாருங்க பெருசு. உங்களுக்கு வேலை இல்லாமப் பண்ணிட்டேன்."

சோபாவில் சாய்ந்திருந்த ஒதிலியாவின் கன்னங்கள் இளம்பெண்ணுக்குப் போலச் சிவந்திருந்தன. அழகாக இருந்தாள். வீட்டுக்குள் தங்கிய கேஸ் புகையின் விஷம் ஏறினால் அந்த நிறம் வரும் என்று என் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

"வெளிய போனா சரியாயிடுது அண்ணே. வீட்டுக்கு வந்தா மறுபடி ஆரம்பிக்குது. காத்தா இருக்குமோ?"

இந்த ஊரில் பிறந்த உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. தலை வலித்தால் காற்று. பிள்ளை அழுதால் காற்று. புருஷன் குடித்துவிட்டு வந்தாலும் காற்றுதான். பதகோனியாவில் எல்லாப் பழியையும் காற்றின் மேல் போட்டுத்தானே வாழ்கிறோம். ஆனால் காற்றால் வந்த தலைவலி, காற்றில் போய் நின்றால் எப்படிச் சரியாகும்? அவளுக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அப்போதே கேஸை நிறுத்தவேண்டும். கேஸ் கம்பெனி ஆள் வந்து மேலே ஏறிப் பார்ப்பான். திருகு எங்கே என்பான். ஏணியைப் பிடித்த பிள்ளை இருக்கிறாள். யூனிட்டுக்குச் சீல் வைத்து, வேறு யாரையாவது வைத்துச் சரிசெய்யச் சொல்வார்கள். ஃபாபியான் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான், சிரிப்பதற்குத் தயாராக.

"காத்துதான்" என்றேன்.

"அப்ப அந்த ஜாலிய அடைச்சிடவா அண்ணே? அது வழியாத்தான் எந்நேரமும் உள்ள வருது."

சுவரின் அடியில் இருக்கும் காற்றுப்போக்கு ஜாலியைச் சொன்னாள். அதை அடைக்காதீர்கள் என்று வருஷக்கணக்காக வீடு வீடாகக் கத்தியவன் நான். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

"அடைச்சிடு" என்றேன். "சனிக்கிழமை வந்து சாவகாசமாப் பாக்குறேன்."

பழைய ஸ்வெட்டரைச் சுருட்டி அவளே ஜாலிக்குள் திணித்தாள். நான் வாசற்கதவைக் கொஞ்சம் திறந்து, அந்த இடுக்கில் முகத்தை வைத்தபடியேதான் இதையெல்லாம் பார்த்தேன். அப்படி நின்றேன் என்பது இப்போது சொல்லும்போதுதான் எனக்கே தெரிகிறது.

மறுநாள் அத்தைக்காரி வந்து மிலாக்ரோஸைக் கூட்டிப்போனாள். ஒதிலியா போன் செய்தாள். பேச்சு குழறியது. "மில்லிக்கு அங்க போனதும் சரியாயிடுச்சு அண்ணே. அந்தப் பக்கம் காத்து கம்மி போல." ஆமாம் என்றேன். சனிக்கிழமை வருகிறேன் என்று மறுபடியும் சொன்னேன். போனை வைத்த பிறகு சந்தோஷமாக இருந்தது. என்னைத்தானே கூப்பிட்டாள்.

சொன்னபடி சனிக்கிழமை போனேன். நாய் கதவைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. உள்ளே யூனிட் ஓடிக்கொண்டிருந்தது, வீடு நல்ல கதகதப்பாக இருந்தது. ஒதிலியாவும் ஃபாபியானும் சோபாவில் உட்கார்ந்தவாக்கில் இருந்தார்கள். நான் கேஸை மூடினேன், ஜன்னல்களைத் திறந்தேன், ஸ்வெட்டரை உருவினேன், முறுக்கிய கம்பிகளைப் பிரித்துச் சுவிட்சில் முறையாக மாட்டினேன். பர்னர் கம்பியைப் பளிச்சென்று தேய்த்தேன். அதற்குப் பிறகுதான் உங்களைக் கூப்பிட்டேன். அவளை நான் கொல்லவில்லை என்று அப்போது நினைத்தேன். இப்போது எழுதிக்கொள்ளுங்கள். கொன்றது நான்தான். ஃபாபியானின் கம்பியோ காற்றோ இல்லை, நான் சொன்ன சொல்.

ஆனால் ஒன்று சார். மிலாக்ரோஸுக்கு இனி யாருமில்லை. என்னை அவளுக்குத் தெரியும், என் திருகுகளையெல்லாம் பத்திரமாக வைத்திருந்த பிள்ளை. அத்தைக்காரி வீட்டு ஹீட்டர் எப்படி எரிகிறதென்று யாராவது பார்த்தீர்களா? காற்று இன்று ரொம்ப அடிக்கிறது, கேட்கிறதா? அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

"வேணும்னா உங்க ஆள் ஒருத்தரக் கூட அனுப்புங்க சார். கையில விலங்கு இருந்தாலும் பரவாயில்ல. ஒரே ஒரு தடவை, அந்த வீட்டு ஹீட்டர நான் போய்ப் பாத்துட்டு வந்துடட்டுமா?"