கழலாத மோதிரம்

அய்யய்யோ, இருங்க காஜா பாய், இருங்க! அந்தக் கட்டரைக் கொஞ்சம் கீழ வைங்க. வெட்டித்தான் ஆகணும், தெரியுது. சோப்பு போட்டாச்சு, எண்ணெ போட்டாச்சு, நூல் சுத்தி இழுத்தும் பாத்தாச்சு. விரல் வீங்குனதுதான் மிச்சம். சாயங்காலம் ஆஸ்பத்திரில அட்மிட் ஆகணும். ஒடம்புல பொட்டுத் தங்கம் இருக்கக்கூடாதுன்னு நர்ஸம்மா கறாரா சொல்லிட்டாங்க. தாலியக் கூட கழட்டி பீரோல வெச்சாச்சு, இது மட்டும் ஒரே பேஜாரு.

என்ன ஆப்பரேஷனா? அத விடுங்க. பயமா, எனக்கா? ப்ளஸ் டூ பசங்களுக்குக் கெமிஸ்ட்ரி எடுக்கறவ நானு! ஆனா இந்த மோதிரத்த வெட்ட மனசு வரல. எங்க மாமியாரோடது. கல்யாணத்தன்னிக்கு சர்ச்சுல அவங்க விரல்லேர்ந்து கழட்டி, எங்க வீட்டுக்காரர்கிட்ட குடுத்து எனக்குப் போடச் சொன்னாங்க. முடிச்சூர்ல வெள்ளம் வந்துச்சே, பீரோ துருப்பிடிச்சுது, மிக்ஸி போச்சு. அந்தச் சேறு அத்தனையும் இந்தக் கையாலதான் அள்ளுனேன். மோதிரம் அப்படியே மினுங்குச்சு.

தங்கம் ஏன் உடையாதுன்னு தெரியுமா உங்களுக்கு? நீங்க பாட்டுக்குத் தட்டறீங்க, வளைக்கறீங்க, கம்பியா இழுக்கறீங்க. கல்லுப்ப அப்படித் தட்டிப் பாருங்க, தூளாயிடும். உப்புல ஒரு அணு எலக்ட்ரானக் குடுக்கும், இன்னொண்ணு வாங்கிக்கும். ப்ளஸ்ஸும் மைனஸும் மாத்தி மாத்தி உக்காந்திருக்கும். ஒரு அடி விழுந்து வரிசை நகந்துச்சு, ப்ளஸ் பக்கத்துல ப்ளஸ் வந்துடும். அப்புறமென்ன, நீ யாரு நான் யாருன்னு தள்ளிக்கிட்டுத் தெறிச்சிடும். தங்கத்துல அந்த வம்பே கெடையாது. எலக்ட்ரான் யாருக்கும் தனிச்சொத்து இல்ல, எல்லாருக்கும் பொது, நடுவுல சுத்திக்கிட்டே இருக்கும். வரிசை நகந்தாலும் புடிப்பு விடாது. இதச் சொன்னா எங்க பசங்க கொட்டாவி விடுவாங்க. நீங்க பரவால்ல, கண்ணத் தொறந்து கேக்கறீங்க.

எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி ரத்தினபாய் இருக்காளே, அவ உப்பு ரகம். எங்கம்மா மோதிரம் எனக்குத்தான வரணும், நேத்து வந்தவளுக்கு எப்படிப் போச்சுன்னு கல்யாணப் பந்தியிலயே கேட்டுட்டா. எனக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துச்சு. சாகற வரைக்கும் கழட்ட மாட்டேன்னுட்டேன். பாருங்க, சொன்னபடியே கழல மாட்டேங்குது! அவ ஊரப்பாக்கத்துல, நான் முடிச்சூர்ல. ரயில் ஏறினா ரெண்டு மூணு ஸ்டேஷன்தான். ஆனா கிறிஸ்மஸ் கேக்கு கூட ஆள் மூலமாத்தான் போகும், வரும்.

சரி, நீட்டிட்டேன். வெட்டுங்க. நான் ரோட்டப் பாத்துக்கறேன். கர்த்தரே... ஆ! அவ்ளோதானா? இதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம் பண்ணேன்!

பத்த வெச்சா மறுபடி ஒட்டிக்கும்ல? ஒட்டிக்கும், ஒட்டிக்கும். எடுக்கற பாடத்த நாமளே நம்பலன்னா எப்படி. அளவா? என் விரல் அளவு வேணாம் பாய். இந்தாங்க நூலு, அளவுக்கு முடிச்சுப் போட்டு வெச்சிருக்கேன். இது ரத்தினபாய் விரலு. டயாலிசிஸ்ல அவ கண்ணசந்தப்போ மெதுவாச் சுத்தி எடுத்தேன்.

ஆமா, நாளைக்கு எங்க ரெண்டு பேருக்கும்தான் ஆப்பரேஷன், பக்கத்துப் பக்கத்து ரூம்ல. அவ அண்ணனுக்கு, அதான் எங்க வீட்டுக்காரருக்கு, சுகர், ஆகாதுன்னுட்டாங்க. என்னோடது பொருந்திடுச்சு. நாத்தனாருக்கா குடுக்கறீங்கன்னு, இதுக்கு அனுமதி குடுக்கற கமிட்டில திருப்பித் திருப்பிக் கேட்டாங்க. ரெண்டு இருக்கு சார், ஒண்ணு அவளுக்குன்னு சொன்னேன்.

என்ன பாய் அப்படிப் பாக்கறீங்க? கிட்னியும் குடுத்து, மோதிரத்தையும் குடுக்கணுமான்னா? அட, கிட்னிய அவ கேக்கவே இல்ல பாய், நானாத்தான் தரேன். அவ வாயத் தொறந்து கேட்டது இந்த மோதிரத்த மட்டும்தான்.