கடைசி ஆள் உட்காரும் வரை

சுவக்கீன்: பஸ்ஸு முண்டக்கயமே தாண்டியாச்சு. இப்பவாவது வாயத் தொறப்பியா, மாட்டியா?

ரோசி: குட்டிக்கானம் வரட்டும்.

சுவக்கீன்: கொச்சியில கேட்டா கோட்டயம் வரட்டும்ன. கோட்டயத்துல கேட்டா முண்டக்கயம்ன. இப்பிடியே போனா வண்டிப்பெரியாரே வந்துரும்டி... ஜெயிச்சியா, தோத்தியா?

ரோசி: நடந்ததச் சொல்லாம முடிவச் சொன்னா எப்பிடி?

சுவக்கீன்: கண்ணு வேற வீங்கியிருக்கு. பரவால்ல விடு. தோத்தா என்ன? நாளைக்கு எப்பவும்போல தேயிலைக் கொழுந்து எடுக்கப் போ...

ரோசி: எந்த மூஞ்சிய வச்சுட்டுப் போக? "டிசம்பர்ல பத்து நாள் லீவு வேணும், கொச்சியில பியானோ வாசிக்கப் போறேன்"னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டுல்ல வந்தேன். நம்ம எஸ்டேட் லயத்து வீடு பூராவும் சிரிச்சுச்சு.

சுவக்கீன்: மாதா கோயில்ல மட்டும் என்ன? "நோட்டு பாத்து வாசிக்கத் தெரியாதவளுக்கு ஜாஸ் ஒரு கேடா"ன்னு அந்த ஷிஜு, பெரிய கொயர் மாஸ்டர், எல்லாரு முன்னாலயும் கேட்டான். அவனுக்காகவாவது நீ ஜெயிக்கணும்னு நான்...

ரோசி: நீங்க?

சுவக்கீன்: ஒண்ணுமில்ல. சொல்லு.

ரோசி: இருபத்திமூணு பேரு வந்திருந்தாங்க. அவங்க ஜாஸ் பேண்டுக்கு எடுக்குறது ஒரே ஒரு ஆளு. மேடையில ஏறுனதும், தலையெல்லாம் நரைச்ச ஒரு அம்மா துண்டுச் சீட்டு ஒண்ணு கொடுத்தாங்க. ஜப்பான் கவிதையாம். மலையாளத்துல எழுதியிருந்துச்சு.

சுவக்கீன்: பியானோ வாசிக்கப் போன எடத்துல கவிதையா?

ரோசி: அதப் படிச்சுட்டு மனசுல வாரத வாசிக்கணும். அஞ்சு நிமிசம். முன்னாடியே கட்டி வச்ச மெட்டு கூடாது.

சுவக்கீன்: விவரமானவங்கதான். என்ன கவிதை?

ரோசி: "மழை விட்டது. குடையை மடக்க மறந்து போகிறான் ஒருவன்."

சுவக்கீன்: ம்... அப்புறம்?

ரோசி: அவ்வளவுதான்.

சுவக்கீன்: முடிஞ்சு போச்சா? அவன் எங்க போறான்? என்ன யோசனையில மறந்தான்?

ரோசி: நானும் அதத்தான் கேட்டேன். அந்தம்மா சிரிச்சுட்டாங்க. அந்தக் காலத்துல ஜப்பான்ல நாலஞ்சு பேரு சுத்தி உக்காந்து கவிதை கட்டுவாங்களாம். ஒருத்தர் மூணு வரி சொன்னா, அடுத்தவர் அதப் பிடிச்சு ரெண்டு வரி. அடுத்து என்ன வரும்னு யாருக்குமே தெரியாது. ஜாஸும் அதே மாதிரிதானாம். ட்ரம்ஸ்காரர் ஒண்ணு போட்டா, பியானோ அதப் பிடிச்சு வேற எங்கயோ போகணும்.

சுவக்கீன்: கோயில்ல பாடுற நம்ம ரிஞ்சு பாதிப் பாட்டுல சுருதிய மாத்துவா, நீ பின்னாலயே ஓடிப் போய்ப் பிடிப்பியே... அது மாதிரி.

ரோசி: அதையேதான் சொன்னேன்! எங்க கத்துக்கிட்டன்னு கேட்டாங்க. பூசையில நன்மை அப்பம் வாங்குற வரிசையிலன்னேன்.

சுவக்கீன்: அய்யய்யோ. அங்க போயுமா?

ரோசி: உண்மைதான? பாட்டு நாலு சரணத்துல முடிஞ்சிரும். வரிசையில நாப்பது பேரும் நிப்பாங்க, திருவிழான்னா நானூறு பேரும் நிப்பாங்க. கடைசி ஆள் நன்மை வாங்கிட்டு வந்து பெஞ்சுல உக்காருற வரைக்கும் கை நிக்கக் கூடாது. பதினெட்டு வருசமா கோயில் கீபோர்டுல ஆளப் பாத்துத்தான வாசிக்கேன்... கால் வலிக்காரர் வந்தா மெதுவா. கைப்பிள்ளையோட வந்தா கொஞ்சம் தாலாட்டா.

சுவக்கீன்: சரி சரி, வாசிச்சியா இல்லியா?

ரோசி: வாசிச்சேன். ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டு வழியா ஒருத்தன் குடையோட இறங்கி வாரான். எடது கையில அவன் நடை. வலது கையில எலையிலருந்து சொட்டுற தண்ணி. எங்கருந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியல. அவ்வளவு சந்தோசமா இருந்துச்சுங்க... அப்பதான் அந்தத் தப்பு நடந்துச்சு.

சுவக்கீன்: என்ன தப்பு?

ரோசி: யாரோ கதவத் தொறந்துட்டு லேட்டா உள்ள வந்தாங்க. கடைசி வரிசையில போய் உக்காந்தாங்க. அவங்க உக்காந்ததும் நான் நிறுத்திட்டேன்.

சுவக்கீன்: நிறுத்திட்டியா?

ரோசி: கை தானா எந்திரிச்சிருச்சு. கோயில் பழக்கம். ரெண்டு நிமிசங்கூட ஆகல.

சுவக்கீன்: மாதாவே... திரும்ப ஆரம்பிச்சிருக்கலாம்லடி!

ரோசி: முடிஞ்ச பூசைய யாராவது திரும்ப வைப்பாங்களா? எந்திரிச்சுக் கும்புட்டேன். ஒரு கைதட்டு இல்ல.

சுவக்கீன்: போச்சு... எல்லாம் போச்சு. பாவி...

ரோசி: யாரு பாவி?

சுவக்கீன்: அந்த... லேட்டா வந்தவன். நீ சொல்லு.

ரோசி: அந்தம்மா மைக்கப் பிடிச்சாங்க. "இருபத்திரெண்டு பேரும் அவன் எங்க போறான், ஏன் மறந்தான்னு அர்த்தம் சொன்னாங்க. கவிதை நின்ன எடத்துல தானும் நின்னது ரோசி மட்டுந்தான். மிச்சத்த நம்மகிட்ட விட்டுட்டா"ன்னாங்க. அப்புறம் தட்டுனாங்க பாருங்க, மண்டபமே எந்திரிச்சு நின்னு! அழுதது அப்பதான்.

சுவக்கீன்: அப்படின்னா...

ரோசி: டிசம்பர் இருபத்தெட்டு கச்சேரி. அவங்க பேண்டுல, பியானோவுல, நான்! ஏங்க... ஏங்க, உக்காருங்க. பஸ்ஸே பாக்குது.

சுவக்கீன்: பாக்கட்டும்! கண்டக்டர் சேட்டா, எங்க ரோசி ஜெயிச்சுட்டா! ஷிஜுவுக்கு இப்பவே போனப் போடு, நான் பேசுதேன்!

ரோசி: அவன் ஞாயித்துக்கிழமை கேட்டுக்கிடுவான். முதல்ல உக்காருங்க.

சுவக்கீன்: ரோசி... ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது.

ரோசி: ம்.

சுவக்கீன்: "நீங்க உள்ள இருந்தா எனக்கு விரல் ஓடாது, வெளியவே நில்லுங்க"ன்னு சத்தியம் வாங்குனல்ல... பெட்டிக்கடையிலதான் நின்னேன். உன் வாசிப்பு ரோடு வரைக்கும் வந்துச்சு. என் கால் நிக்கல. கதவத் தொறந்தது நாந்தான். நீ நிறுத்துனதும் பாட்டு முடிஞ்சிருச்சுன்னு நெனச்சு, நீ பாக்குறதுக்குள்ள வெளிய வந்துட்டேன். என்னால நீ தோத்திருந்தா...

ரோசி: தெரியும்.

சுவக்கீன்: தெரியுமா? அந்த இருட்டுல மூஞ்சி தெரிஞ்சிருக்காதே!

ரோசி: பதினஞ்சு வருசமா கேக்குற நடைக்கு மூஞ்சி எதுக்கு? பழக்கத்துல நிறுத்துனேன்னு அந்தம்மாகிட்டயும் சொன்னேன், உங்ககிட்டயும் சொன்னேன். பொய்தான். நீங்க வந்து உக்காந்துட்டீங்க. அதுக்கு மேல அந்தப் பாட்டுல வர வேண்டிய ஆள் யாரு இருக்கா?