ஒரே பொம்பளப் போலீஸ்

பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ் டவுனுக்கு வரும் ஃபெரியில், எனக்கு முன் இருக்கையில் போலீஸ் சீருடையில் ஒரு பெண். பக்கத்திலிருந்த மூத்த பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"படம் முழுக்க ஒரே ஒரு பொம்பளப் போலீஸ்தான்க்கா. அதுவும் நம்ம தமிழ் ஆளு. திருடனத் துரத்துறேன்னு ஓடி லோங்காங் சாக்கடைத் தண்ணியில விழுறா. தியேட்டரே சிரிக்குது."

"காமெடி படம்தானே லா."

"என் மகளும் சிரிச்சா. அப்புறம் காடியில வீட்டுக்கு வர்றப்ப, 'அம்மா, நீங்க எத்தன திருடனப் பிடிச்சிருக்கீங்க'ன்னு கேட்டா."

"என்ன சொன்ன?"

"ரெண்டு பேருன்னு பொய் சொன்னேன். எட்டு வருஷமா என்னைக் கவுண்டர்லதானே உட்கார வச்சிருக்காங்க."

"நம்பிட்டாளா?"

"நம்பி, பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிட்டாக்கா. அதப் பத்திப் பிள்ளைங்க முன்னால பேச டீச்சர் என்னைக் கூப்பிட்டிருக்காங்க."