‘டக் டக்’ பதிலாகாது

விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் முதன்மை அலுவலர் அம்மையாருக்கு, அவர் பணி நிறைவு பெறும் இந்நன்னாளில், கோபுரத்தில் பணிபுரிவோரும் ஓடுபாதையில் பணிபுரிவோரும் ஒருங்கே கூடி வாசித்தளிக்கும் மடல்

மேகம் விலக்கி வந்த விமானங்களுக்கெல்லாம் மண்ணிலிருந்து வழி சொன்ன மணிக்குரலே! முப்பத்தைந்து ஆண்டுகள், மூச்சுவிட நேரமில்லாத பணியிலும் முகம் சுளிக்காத முதல்வியே! நூற்றுப் பன்னிரண்டு படிகளை நாள்தோறும் ஏறி, லிஃப்ட் வந்த பிறகும் அதை நம்பாமல் ஏறி, உடன் வந்த எங்களையும் ஏற்றி இளைக்க வைத்த ஏற்றமே! அரைப் பதிலை அண்டவிடாமல், முழுப் பதில் வந்து முடியும்வரை முந்நூறு பயணிகளையும் காக்க வைத்த எங்கள் ‘திருப்பிச்சொல்லம்மா’வே! வணக்கம்.

கடைசியாகச் சொன்ன பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அது விமானிகள் வைத்தது, கேலிக்காக வைத்தது. தங்கள் காதுக்கு எட்டாது என்று நினைத்து வைத்தார்கள். தங்கள் காதுக்கு எட்டாததென்று ஒன்று இந்த வானத்தில் உண்டா? அந்தக் கேலியையே இன்று பட்டமாகச் சூட்டுகிறோம். பட்டம் வந்த கதையை விட்டுவிட்டு வாழ்த்தை மட்டும் வாசித்தால், “பாதியில நிறுத்தாதீங்க, முழுசா சொல்லுங்க” என்று இம்மடலையே திருப்பி அனுப்பிவிடுவீர்கள். ஆகவே முழுதாகவே சொல்கிறோம்.

கதை எங்கள் ஜீப் ஓட்டுநருடையது. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதல் வரிசையில் நெளிந்துகொண்டிருக்கிறாரே, அவருடையதுதான்.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு மாலை நான்கு மணி. மழை அப்போதுதான் விட்டிருந்தது. கோபுரத்திலிருந்து பார்த்தால் ஓடுபாதையின் பாதிதான் தெரிந்தது. மறுகோடி வெள்ளைத் திரைக்குள் போய்விட்டிருந்தது. புறப்பட்டுப் போன விமானமொன்றின் டயர் கிழிந்து, ரப்பர் துண்டுகள் அந்தக் கோடியில் சிதறிக் கிடப்பதாகத் தகவல். பொறுக்கி வர ஓட்டுநரை அனுப்பினீர்கள். அவரும் போனார், ஜீப்பை நிறுத்தினார், இறங்கினார். கையோடு கொண்டுபோக வேண்டிய சிறிய வயர்லெஸ்ஸைக் கொண்டுபோகவில்லை. அதன் பேட்டரி காலையிலேயே உயிரை விட்டிருந்தது. ஜீப்பில் பொருத்திய வயர்லெஸ் மட்டும் காலி இருக்கையோடு பேசிக்கொண்டிருந்தது.

“ஜீப், ஓடுபாதையை விட்டு வெளியே போங்க. விமானம் வருது” என்றீர்கள் தாங்கள்.

பதிலாக இரண்டு சத்தம். ‘டக் டக்.’

அன்று அது எல்லோருக்கும் இருந்த பழக்கம். வாய் திறக்கச் சோம்பல் பட்டவர், மைக்கின் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் ‘சரி, கேட்டுக்கொண்டேன்’ என்று அர்த்தம். விமானியும் செய்வார், வண்டிக்காரரும் செய்வார். வசதியான பழக்கம்தான், ஆனால் அந்தச் சத்தத்துக்கு முகம் கிடையாது. அன்று பொத்தானை அழுத்தியவர், விமானம் இழுக்கும் டிராக்டரின் ஓட்டுநர். சற்று முன்பு அவரை நிற்கச் சொல்லியிருந்தீர்கள். அவர் தேநீரைக் குடித்து முடித்து, உதட்டைத் துடைத்துக்கொண்டு, தன்னுடைய ‘சரி’யை நிதானமாகத் தட்டினார்.

ஜீப் போய்விட்டது என்று நினைத்தீர்கள். காற்றின் வேகத்தைப் படித்துச் சொல்லி, விமானம் தரையிறங்க அனுமதி கொடுத்தீர்கள்.

ஓட்டுநர் கை நிறைய ரப்பரோடு ஜீப்புக்குத் திரும்பினார். பின்னால் போட்டார். மைக்கை எடுத்தார். சாவகாசமாகச் சொன்னார்:

“அம்மா, இன்னும் ரெண்டு துண்டு கெடக்கு. பொறுக்கிட்டு வந்துடறேன்.”

அடுத்த நொடி அதே வயர்லெஸ்ஸில் தங்கள் குரல் வெடித்தது. “இறங்காதீங்க! மேல ஏறுங்க, மேல ஏறுங்க! ஓடுபாதையில ஆள் இருக்கு!”

யார் அந்த ஆள் என்று ஓட்டுநருக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. பிறகு திரும்பிப் பார்த்தார்.

வெள்ளைத் திரையைக் கிழித்துக்கொண்டு இரண்டு விளக்குகள் வந்தன. அவர் ஈரத்தரையில் குப்புற விழுந்தார். தலைக்கு மேல் வானமே இடிந்து போனது போல ஒரு சத்தம். சக்கரங்கள் ஜீப்பைத் தாண்டி மேலே ஏறின. எழுந்து நின்றபோது எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. தலையிலிருந்த காக்கித் தொப்பியை மட்டும் காணோம்.

விசாரணை மறு வாரமே வந்தது. மூன்று அதிகாரிகள், ஒரு மேஜை, ஒரு கோப்பு. தாழ்வாரத்துப் பெஞ்சில் ஓட்டுநர். நிரந்தரமாகாத வேலை அவருக்கு. வீட்டில் மனைவிக்கு எட்டாம் மாதம். வயர்லெஸ் இல்லாமல் இறங்கியது அவர் குற்றம் என்று கோப்பு அழகாகத் தயாராகிவிட்டது, ஒரு கையெழுத்துத்தான் பாக்கி என்று காவலாளி வரைக்கும் தெரிந்திருந்தது. சரியாகச் சாத்தாத கதவு வழியே உள்ளே நடந்த பேச்சு முழுதும் அவர் காதில் விழுந்தது.

“டிரைவர் மேல எழுதிட்டா விஷயம் முடிஞ்சது மேடம். அடுத்த மாசம் உங்களுக்குப் பதவி உயர்வு. நீங்க ஏன் குறுக்க வர்றீங்க?”

“வெளிய போன்னு சொன்னது நான். பதில் வந்தது. யாரு பதில் சொன்னதுன்னு நான் கேக்கல.”

“எல்லாரும் அப்படித்தானே மேடம் செய்யறாங்க?”

“அப்போ எல்லார் பேரையும் எழுதுங்க சார். வரிசையில முதல்ல என் பேர எழுதுங்க.”

பிறகு பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டதாக ஓட்டுநர் சொல்வார். அந்தச் சத்தம் இப்போதும் தன் காதில் இருக்கிறது என்றும் சொல்வார். கதவு திறந்து தாங்கள் வெளியே வந்தபோது அவர் எழுந்து நின்றார்.

“அம்மா, நீங்க எதுக்கு…”

“வீட்டுக்குப் போ தம்பி. நாளைக்கு வந்ததும் புது பேட்டரி கேட்டு ஒரு லெட்டர் எழுது. நான் கையெழுத்துப் போடறேன்.”

அவ்வளவுதான். ஓட்டுநரின் வேலை நிலைத்தது. தங்கள் பதவி உயர்வு மூன்று ஆண்டு தள்ளிப்போனது. அதைப் பற்றித் தாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. நாங்கள்தான் பேசிப் பேசி மாய்ந்தோம். அந்த எட்டாம் மாதத்துக் குழந்தை, அதோ மூன்றாம் வரிசையில், இந்தக் கூட்டத்துக்காகக் கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு அமர்ந்திருக்கிறாள்.

தொப்பி மூன்று நாள் கழித்து வேலிக் கம்பியில் அகப்பட்டது. ஓட்டுநர் கை நீட்டினார்; தாங்கள் தரவில்லை. “இது இனிமே கோபுரத்துக்கு” என்றீர்கள். காற்றின் வேகம் காட்டும் கருவியின் மேல் அதைக் கவிழ்த்து வைத்தீர்கள். ஓடுபாதையில் வண்டி இருக்கும் வரை தொப்பி அங்கே இருக்கும். தொப்பியை எடுக்காமல் காற்றைப் படிக்க முடியாது. காற்றைப் படிக்காமல் எந்த விமானத்துக்கும் தரையிறங்க அனுமதி கொடுக்க முடியாது. ‘ஓடுபாதையை விட்டு வெளியேறிவிட்டேன்’ என்று வண்டிக்காரர் தன் வாயால், முழு வாக்கியமாகச் சொன்ன பிறகே தொப்பியில் கை வைக்கலாம். விமானியானாலும் வண்டிக்காரரானாலும் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். டக் டக் பதிலாகாது. இதுவே அன்று தாங்கள் போட்ட சட்டம்!

சட்டம் பிடிக்காதவர்கள் உண்டு. ஒரு மூத்த கேப்டன் உண்டு. தங்களை ‘டீச்சர்’ என்று அழைத்தவர்.

“டீச்சர், பதினஞ்சு வருஷமா ஓட்டறேன். ரெண்டாம் வாய்ப்பாடும் ஒப்பிக்கணுமா?”

“ஒப்பிங்க கேப்டன், சாயங்காலம் கேட்டுக்கறேன். இப்ப நான் சொன்னதைச் சொல்லுங்க.”

வானத்தில் இருந்த அத்தனை விமானமும் அதைக் கேட்டது. கேப்டன் பற்களைக் கடித்துக்கொண்டு திருப்பிச் சொன்னதையும் கேட்டது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மூடுபனிக் காலை. அதே கேப்டன், புறப்படத் தயாராக ஓடுபாதையின் விளிம்பில். கோபுரத்திலிருந்து ஜன்னல் கண்ணாடியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஓட்டுநர் தன் ஜீப்பைப் புல்வெளி ஓரம் நிறுத்தி, வயர்லெஸ்ஸைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஓடுபாதையில நுழையாம நில்லுங்க. ஒரு விமானம் இறங்குது.”

“சரி” என்றார் கேப்டன்.

“சரி போதாது கேப்டன். திருப்பிச் சொல்லுங்க.”

பெருமூச்சு ஒன்று. பிறகு சலிப்போடு அந்தக் குரல் தொடங்கியது. “ஓடுபாதையில நுழையாம நிக்…” குரல் அறுந்தது. ஜீப்புக்குள் இருந்தவரின் கை தானாகத் தலைத் தொப்பிக்குப் போனது. “ஐயோ, ஒரு நிமிஷம்… பிரேக், பிரேக்! அம்மா, நாங்க நகர ஆரம்பிச்சுட்டோம். நின்னுட்டோம். நுழையல. நுழையாம நிக்கிறோம்.”

ஏதோ வேலை நினைப்பில் சொன்ன ‘சரி’ அது. சொன்னதைத் தன் வாயாலேயே சொல்ல வந்தபோதுதான், தன் விமானம் உருள்வதைக் கண்டார். நாலு மூச்சு கழித்து, அவர் மூக்குக்கு முன்னால் பனிக்குள்ளிருந்து ஒரு விமானம் இறங்கி ஓடியது. அதில் நூற்று எண்பது பேர். அவர் முதுகுக்குப் பின்னால் நூற்று அறுபது பேர். அத்தனை பேரும் அன்று வீடு போய்ச் சேர்ந்தார்கள், ஒன்றும் தெரியாமல்.

மறுநாள் கேப்டன் நூற்றுப் பன்னிரண்டு படியும் நடந்தே ஏறி வந்தார். மூச்சு வாங்க நின்று, “டீச்சர், ரெண்டாம் வாய்ப்பாடு இப்ப சொல்லட்டுமா?” என்றார். தாங்கள் தண்ணீர் கொடுத்தீர்கள். சொல்ல வைத்தீர்கள். பதினாறு ரெண்டு வரை!

பெருந்தகையீர்! தங்கள் பிழையைத் தாங்களே எழுதி, அறிவிப்புப் பலகையில் தாங்களே ஒட்டி, புதிதாகச் சேருபவர் யாராயினும் முதல்நாள் அதைப் படிக்க வைத்த நேர்மை தங்களுடையது. பிழை செய்யாத பேரறிவாளர் என்று தங்களைப் புகழ்ந்தால், அந்தத் தாளைக் காட்டித் திருத்துவீர்கள். பிழைக்குத் தன் பெயரையே கொடுத்தவர் என்று புகழ்கிறோம். அதில் எங்களுக்குப் பெருமை. இந்தக் கோபுரத்தில் வேலை செய்தோம் என்று சொல்லிக்கொள்ள வாழ்நாள் முழுதும் போதுமான பெருமை.

தொப்பியைக் கண்ணாடிச் சட்டமிட்டு இம்மடலோடு தங்களுக்குப் பரிசளிக்கலாம் என்று கூட்டம் போட்டு முடிவெடுத்தோம். ஓட்டுநர்தான் ஒரே போடாகப் போட்டார்: “அதைக் குடுத்துட்டா நாளைக்குக் காலையில மெஷின் மேல எதைக் கவுக்கறது? அம்மாவே திட்டுவாங்க.” ஆகவே மன்னிக்க வேண்டும். மடல் மட்டுமே தங்களுக்கு. தொப்பி இருந்த இடத்திலேயே இருக்கும்.

அம்மையீர்! நாளை முதல் தாங்கள் நிதானமாக எழ வேண்டும். அலாரம் வைக்கக் கூடாது. கண்ணும் காதும் குரலும் குன்றாமல், கால்கள் படிகளை மறக்காமல், கணவரோடும் மக்களோடும் பேரப்பிள்ளைகளோடும் நெடுங்காலம் நலமாக வாழ வேண்டும். தலைக்கு மேல் விமானச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ‘என் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று நிம்மதியாக இருக்க வேண்டும். மாதம் ஒரு முறையாவது இந்தப் படிகளை ஏறி வந்து எங்களை மிரட்ட வேண்டும்.

இவை எங்கள் வேண்டுகோள்கள். கேட்டுக்கொண்டதாகத் தாங்கள் தலையசைப்பதைப் பார்க்கிறோம், தலையசைப்பு பதிலாகாது. கண் கலங்குவதையும் பார்க்கிறோம், அதுவும் பதிலாகாது. மைக் தங்கள் முன்னால் இருக்கிறது. சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள், அம்மா. முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை இந்த மண்டபத்தை விட்டு ஒருவரும் நகரமாட்டோம்.

கேட்டபடி காத்திருக்கும்,
கோபுரத்தாரும் ஓடுபாதையாரும்
(முதல் கையொப்பம்: ஜீப் ஓட்டுநர்)