கடைசியில் நடந்தவர்

அவைத் தலைவர் அவர்களே! மேடையிலிருக்கும் பெரியோர்களே! மலைநடைச் சங்கத்து அன்பர்களே! முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் மாஸ்டரின் துணைவியார், எனக்கு உடன்பிறவாத தங்கை நேசபாய் அம்மாளே! எல்லாருக்கும் வணக்கம். இந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வடசேரி ஜவுளிக்கடை வைகுண்டராஜனுக்கு முழங்கால் போய்விட்டது. அதைப் போகவைத்த மனிதருக்குத்தான் இன்றைக்கு இரங்கல் கூட்டம்.

டிரில் மாஸ்டர் சத்தியநேசன் அவர்கள்! நம் சங்கத்தை உண்டாக்கியவர்! ஆடி நடைக்குப் போய் நனைந்து வந்தார், காய்ச்சலில் படுத்தார், போய்விட்டார். எங்களையெல்லாம் இழுத்து இழுத்து ஏற்றிவிட்டு, அவர் மட்டும் எங்கே போனார்?

அசம்பு மலை அன்றைக்கு யாருடைய மலை? துரைமாருடையது. மாசி பிறந்தால் மூட்டை முடிச்சோடு பங்களாக்களுக்கு ஏறுவார்கள். மழைக்கு முன்னால் பூட்டிவிட்டு இறங்குவார்கள். அதற்கப்புறம் மலைப்பக்கம் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நாமும் நினைத்துக்கொண்டோம். மாஸ்டர்தான் கேட்டார்: "பங்களாவப் பூட்டினா மலையையுமா பூட்டியாச்சு?" அவர் வேதக்கோயிலுக்குப் போகிறவர், நான் அய்யாவழிப் பதிக்குப் போகிறவன். இரண்டு பேரும் சேர்ந்து போனது மலைக்குத்தான்.

பன்னிரண்டு மாதமும் போனோம், ஐயா! ஆடிச் சாரலில் அட்டைக்கு உப்புக்கிழி கட்டிக்கொண்டு போனோம். ஐப்பசியில் காட்டாறு வடிகிறவரை பாறைமேல் குந்தி ஊறிப்போன அவலைத் தின்றோம். கண்ணை மறைக்கும் மார்கழி மஞ்சில் பாறை என்று நினைத்து நான் சாயப்போனது காதை ஆட்டியது. அன்றைக்கு ஓடிய ஓட்டத்தில் போன முழங்கால்தான் இது.

மஞ்சு இறங்கினால் எங்களுக்கு ஒரு வழக்கம். முன்னால் போகிறவன் "உண்டா?" என்று கூவ வேண்டும். கடைசி ஆள் "உண்டு!" என்றால் ஒருவரும் விட்டுப்போகவில்லை என்று அர்த்தம். முன்னால் நான், கடைசியில் மாஸ்டர். ஒருதரம் ஒருவருக்குக் கால் பிசகியது. அவரைத் தாங்கிக்கொண்டு மாஸ்டர் நடுவே வந்துவிட, மதுரை விருந்தாளி ஒருவர் கடைசியில் மாட்டிக்கொண்டார். நான் "உண்டா?" என்றேன். அவர் சாப்பாட்டை விசாரிக்கிறேன் என்று எடுத்துக்கொண்டு, "இன்னும் இல்லீங்க!" என்றார். அந்த 'இல்லை' மட்டும்தான் எங்கள் காதில் விழுந்தது. ஐயோ, ஒருத்தன் போய்விட்டான் என்று எல்லாரும் கூச்சல் போட்டோம்! மாஸ்டர் சரிவில் ஓடினார். அங்கே பசியோடு நின்ற மனுஷனைக் கண்டார். தன் கட்டுச்சோற்றை அவர் கையில் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "கேட்டியா மக்கா, இனி எப்பவும் கடைசியில நாந்தான்."

அந்தச் சொல்லை அவர் மாற்றவே இல்லை.

இப்போது சங்கத்தில் ஒரு பேச்சு நடக்கிறது. மழைமாத நடைதான் மாஸ்டரைக் கொன்றது, அதை நிறுத்திவிடலாம் என்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்வேனா? எனக்கே அப்படித்தான் இருந்தது. சலித்துவிட்டது, அன்பர்களே. உடம்பும் சலித்துவிட்டது, மனசும் சலித்துவிட்டது. இந்தக் கூட்டத்தோடு முடித்துக்கொள்வோம் என்று சொல்லத்தான் வீட்டைவிட்டுக் கிளம்பினேன்.

இந்த மண்டப வாசலில் நேசபாய் என்னை நிறுத்தினாள். காய்ச்சல் முற்றிய அன்று மாஸ்டர் சும்மா சும்மா "உண்டு, உண்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். "ஆருக்குப் பதில் சொல்லுதிய?" என்று இவள் கேட்டிருக்கிறாள். அவர் சொன்னாராம்: "வைகுண்டம் முன்னால நின்னு கூவுதான். பதில் வரல்லேண்ணா அவன் நடை நின்னுரும்."

நான் என்ன செய்ய? நீங்களே சொல்லுங்கள், நான் என்ன செய்ய!

ஐப்பசி நடை நடக்கும். மழை கொட்டினாலும் நடக்கும். முன்னால் போவதற்கு வாத்தியார் கிளீட்டஸ் இருக்கிறார், நல்ல கால் அவருக்கு. மாஸ்டர் நடந்த இடத்தில் நான் நடக்கிறேன். தியாகம் என்று யாரும் கைதட்ட வேண்டாம், இந்த முழங்காலோடு நான் எங்கே நின்றாலும் கடைசிக்குத்தான் வந்து சேருவேன்.

கிளீட்டஸ் ஐயா, ஒன்றே ஒன்று. மஞ்சு இறங்கினால் நீர் "உண்டா?" என்று கூவும். உடனே பதில் வராது, எனக்கு மூச்சு வாங்கும். திரும்பி இறங்கி வந்துவிடாதேயும். கொஞ்சம் நில்லும், வரும்.