அரக்குப் புடவைக்குப் போன கமிஷன்

…காசு கட்ட வக்கில்லாதவங்க எதுக்கு டீச்சர் ஏலத்துல எறங்கறாங்க? நீங்களே சொல்லுங்க! உக்காருங்க, உக்காருங்க, சொவத்துல நல்லா சாஞ்சிக்குங்க. அந்த அரக்குப் புடவ தான புடிச்சிருக்குது? மடியிலியே வெச்சிக்கினு பொறுமையா பாருங்க, யாரும் புடுங்கிக்க மாட்டாங்க. பொண்ணு கல்யாணத்துக்குப் புடவ தேடிக்கினு வாலாஜாபாத்துலருந்து வந்து, பிள்ளையார்பாளையத்துல இத்தினி சந்துல என் வூட்டக் கண்டுபுடிச்சீங்க பாருங்க... கண்ணால பாத்து, கையால தொட்டு வாங்கறவங்க தான் டீச்சர் வாங்கறவங்க. போன்ல வாங்கறவங்கள நம்பவே கூடாது. நான் நம்பினேனே!

இன்னாது? எந்த ஏலமா? அய்யோ, அத ஏன் கேக்கறீங்க! எங்க மகளிர் குழுவுல ஒரு மேடம் வந்து கத்துக்குடுத்தாங்க. போன்லயே கட போடலாமாம், புடவைய ஏலத்துல உடலாமாம், நடுவுல தரகு கெடையாதாம். தரகு கெடையாது, கமிஷன் உண்டு! பேரு தான் வேற. ஏலம் முடிஞ்ச அந்த நிமிஷமே கமிஷன அந்த ஆப்காரன் புடிச்சிக்குவான். புடவைக்குக் காசு வந்துச்சா, கூரியருல போச்சா, அதெல்லாம் அவனுக்கு அப்பால. என் வூட்டு ஒரு மாச பால் காசு டீச்சர்!

அன்னிக்கி அடுப்புல தோச. கையில போனு. ஏறுது, ஏறுது, ஏறிக்கினே போவுது. நானும் பாத்துக்கினே நிக்கறேன். தோச கரி. ஆனா புடவ நல்ல வெலைக்குப் போயிடுச்சி! எங்க வூட்டுக்காரருக்குக் கூட சிரிப்பு வந்துடுச்சின்னா பாத்துக்குங்க. அவரு சிரிச்சி, அது ஆச்சி... வுடுங்க. அந்தச் சந்தோஷத்துல அட்டப்பொட்டி வாங்கியாந்தேன், ஒட்டற டேப்பு வாங்கியாந்தேன். டேப்பு இன்னும் பிரிக்கவேல்ல.

கோயில்ல அம்மனுக்குச் சாத்தின புடவைய ஏலம் உடுவாங்களே, பாத்திருக்கீங்களா? அங்க கைய தூக்கினவன் தப்பிக்க முடியுமா? அர்ச்சகர் பாக்கறாரு, பூக்காரம்மா பாக்குது, அம்மனே எதுர்ல உக்காந்துக்கினு பாக்குது. ‘சும்மா கேட்டேன்’னு சொல்லிட்டு எவனாச்சும் செருப்ப மாட்டுவானா? இதுல யாரு பாக்கறது? ஒரு விரலால ஏத்தறாங்க, அதே விரலால ஓடிப்போறாங்க! ஆபீசுக்கு போன் போட்டா பாட்டு போடறான். ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்’ன்றான். முக்கியம்னா எடுக்கணும் இல்ல? முழுப் பாட்டும் எனுக்கு மனப்பாடம் ஆயிடுச்சி. எங்க கமிஷனத் திருப்பிக் குடுக்கறதுக்கு அவனுக்கு மனசே வரல...

ஏங்க! உள்ள தறிகிட்ட கேட்டுச்சா? டீச்சரும் அதையே தான் சொல்றாங்க, வக்கில்லாதவங்கன்னு!

நீங்க சொல்லல, தெரியும். சும்மா இருங்க டீச்சர்.

இருங்க... கேக்குதா? டக்கு, டக்குன்னு... ம், தறி ஓட ஆரம்பிச்சிடுச்சி. இப்ப கொஞ்சம் கிட்ட வாங்க. இன்னும் கிட்ட. அவரு தறிய மிதிக்கும்போது கோட்டையே இடிஞ்சாலும் காதுல விழாது. நின்னுச்சின்னா மட்டும் எலி ஓடற சத்தம் கூட கேக்கும். அதனால தான் தறி நின்னா திட்டுவேன், ஓடினா பேசுவேன். ஒரு வாரமா இப்புடித் தான் குடித்தனம் பண்ணிக்கினு இருக்கறேன்.

அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு டீச்சர்.

ஆமா, புடவைய ஏலத்துல எடுத்துச்சே, அந்தப் பொண்ணு தான். ஓசூருல எங்கியோ கம்பெனியில வேல. ரெண்டு நாளா காசு வரலியேன்னு நானே போன் போட்டேன். நாலு வார்த்த நறுக்குன்னு கேக்கணும்னு ஒத்திக வேற பாத்து வெச்சிருந்தேன். எடுத்த உடனே, ‘கமலவேணி அக்காவா?’ன்னுச்சி. அவ்ளோ சின்னக் கொரலு. ‘அக்கா, கல்யாணம் நின்னுடுச்சிக்கா’ன்னுச்சி. முகூர்த்தப் புடவ டீச்சர். வெத்தல பாக்கெல்லாம் மாத்தினதுக்கு அப்புறம் மாப்ள வூட்ல வேணாம்னுட்டாங்களாம். ஒத்திக பாத்தத அப்புடியே வுட்டுட்டு, ‘சாப்ட்டியாம்மா’ன்னு கேட்டேன். வேற இன்னா கேக்கறது?

அய்யோ, தறி நின்னுடுச்சி. நூல் அறுந்திருக்கும்...

அதுங்கள சும்மா வுடக்கூடாது டீச்சர்! ஏமாத்துக்காரக் கும்பலு! போலீஸுக்கே போலாம்னு இருக்கறேன்! ஆப்காரனையும் சேத்துத் தான்!

...ஏகாம்பரநாதா, நீ இதெல்லாம் கணக்குல எடுத்துக்காத. அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்.

ம்... ஓடுது. நூல சேத்துட்டாரு போல. எங்க வுட்டேன்? ஆங், அந்தப் பொண்ணே சொல்லுச்சி டீச்சர், ‘காசு கட்டலன்னு போட்டுடுங்கக்கா, உங்க கமிஷன் திரும்பி வந்துடும்’னு. நெஜம் தான். அப்புடி ஒரு பட்டன் இருக்குது, அத அமுக்கினா மூணு நாள்ல வந்துடும். ஆனா அந்தப் பொண்ணு பேருக்குக் கீழ செவப்புல வந்து நிக்கும், ‘வாக்குத் தவறியவர்’னு. நெனச்சிப் பாருங்க. ஏற்கெனவே அது மேல ஊரு ஆளுக்கு ஒரு பேரு போட்டிருக்கும். நானும் என் பங்குக்கு ஒண்ணு போடணுமா? ஒரு மாசம் பாலு இல்லாம டீ குடிச்சா செத்தா போயிடுவோம்?

அதனால தப்பு என்னுதுன்னு போட்டுட்டேன். ஆப்காரன் மேல ஒண்ணும் இல்ல, பாவம். யாரு மேல தப்புன்னு அவன் ஒழுங்கா தான் கேட்டான். நான் தான்...

இவருகிட்ட சொல்லிட வேண்டியது தானன்னு பாக்கறீங்க. கமிஷன் போச்சின்னு சொன்னா ஒரு நாளு மொறப்பாரு, மறுநாளு குழம்பு நல்லா இருக்குதும்பாரு. சமாளிச்சிக்குவேன். சமாளிக்க முடியாதது வேற ஒண்ணு இருக்குது. யாருகிட்டயும் சொல்லல, உங்ககிட்ட தான் சொல்றேன். தப்பு என்னுதுன்னு அமுக்கினா அது வுடுதா? இன்னா தப்புன்னு கேக்குது. ரெண்டே ரெண்டு தான் காட்டுச்சி. ஒண்ணு, ‘சரக்கு இல்லை’. அத அமுக்கியிருந்தா பிரச்சனையே இல்ல. ஆனா அன்னிக்கி வெள்ளிக்கெழம டீச்சர்! வெளக்கு ஏத்திட்டு வந்து உக்காந்த நேரம்! பட்டு நெய்யற வூட்ல, எரியற வெளக்குக்கு முன்னால, சரக்கு ‘இல்ல’ன்னு வாயால சொல்வமா? கையால மட்டும் அமுக்குவமா? தறிக்காரன் பொண்டாட்டி எவளாச்சும் அமுக்குவாளா சொல்லுங்க.

அதனால... இன்னொண்ண அமுக்கிட்டேன்.

‘பழுது’.

அய்யோ, கத்தாதீங்க டீச்சர்! மெதுவா! அவரு கையில ஒரு எழ பிசகி நான் பாத்ததில்ல. நெசவாளர் சொசைட்டியில அவரு புடவைய விரிச்சே பாக்க மாட்டாங்க, மடிப்போட எடுத்து வெச்சிக்குவாங்க. அப்பேர்ப்பட்ட கைக்கு நான் பழுதுன்னு முத்திர குத்திட்டேன். இப்ப என் கடைய தொறந்தா மொதல் வரியே அது தான், ‘பழுது காரணமாக ரத்து’. என் போன எடுத்து அவரு கைக்கு எட்டாம அரிசி டப்பாவுல வெச்சிருக்கறேன். தெரிஞ்சா சாப்பாடு எறங்காது அந்த மனுஷனுக்கு. நல்லவேள, தறி ஓடிக்கினே இருக்குது...

இன்னா டீச்சர், என் தோளுக்கு மேல பாக்கறீங்க?

...

ஏங்க. நீங்க எப்ப... இல்ல, தறி ஓடுதே! கேக்குதே, டக்கு டக்குன்னு... பக்கத்து வூட்டு தினகரன் அண்ணன் தறியா? அவரு மச்சான் வூட்டு விசேஷத்துக்கு இல்ல போனாரு? காலையிலயே வந்துட்டாரா? வந்தவரு ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு, ஊர் கத பேசிட்டு, சாயந்தரமா தறியில எறங்கக்கூடாதா? நடுச்சொவரு ஒண்ணா இருந்தா இது தான் ரோதன, எந்தத் தறி நம்பளுதுன்னே தெரியல...

எத்தினி நேரமா நிக்கறீங்க? ‘சாப்ட்டியாம்மா’லருந்தா?

கமிஷன் போனா போவட்டும்ன்றாரு டீச்சர். அந்தப் பொண்ணு மேல பேரு போடாதது சரி தான்ன்றாரு. பாத்தீங்களா, தங்கமான மனு... இன்னாது? பழுது எங்கன்னு காட்டணுமா? இப்பவேவா? வந்தவங்க உக்காந்திருக்கறாங்க இல்ல! ஏங்க, டீச்சர் மடியிலருந்து ஏன் புடுங்கறீங்க? குடுங்க! அய்யோ, முழுசா விரிக்கறாரே... சரிங்க. பாத்துட்டேன். மாம்பழக் கரை. வெளிச்சத்துக்குப் புடிச்சிக் காட்டறாரு, பாருங்க டீச்சர். கரையும் உடம்பும் சேர்ற எடத்த இழுத்துக் காட்டறாரு. யான கட்டி இழுத்தாலும் பிரியாதுங்க, எனுக்குத் தெரியாதா? அழாதீங்க. சரி, அழல, கண்ணுல தூசு. உள்ள போங்க. நான் மடிச்சிக்கறேன்.

...ஆமாங்க டீச்சர். இதே புடவ தான்.

இல்ல, இல்ல, அப்புடி நெனைக்காதீங்க! நின்ன கல்யாணத்துக்குன்னு நெய்யல, சும்மா நெய்ஞ்சது தான். அந்தப் பொண்ணு தொடவேல்ல, போட்டோவுல பாத்ததோட சரி! பச்ச காட்டட்டுமா? எலபச்ச? அது ஏலத்துக்கே போவல, சத்தியமா! ஏன் எழுந்துட்டீங்க? பஸ்ஸா? வாலாஜாபாத்துக்கு நிமிஷத்துக்கு ஒரு பஸ்ஸு இருக்குது டீச்சர்! பொண்ணுகிட்ட கேட்டுட்டு வர்றீங்களா? கேளுங்க, கேளுங்க... ஆனா இன்னா சொல்லிக் கேப்பீங்க? செருப்பு அது இல்ல, அது என்னுது...

டீச்சர்! டீச்சரம்மா! ஒரு நிமிஷம்! அவரு புடவையில பழுதே இல்லம்மா! பழுதெல்லாம் என் வாயில தான்!