சுவருக்கு அந்தப் பக்கம்

— கதவைச் சாத்து மச்சான். நீ மேடை ஏற இன்னும் பத்து நிமிஷம் இருக்குல்ல? உன் மானத்தை வாங்க அது போதும்.

— உட்காருங்க அத்தான். வயலின் பெட்டி மேல வேண்டாம், அதோ நாற்காலி.

— வெளியில போஸ்டரைப் பார்த்தேன். ‘தனக்கென ஒரு பாணி’யாம்! எவன் பாணிடா? ஒவ்வொரு வரி முடியும்போதும், கீழ இறங்க வேண்டிய இடத்துல ஸ்வரத்தை மேல இழுத்துட்டுப் போறியே, அது நான் வாசிச்ச தப்பு!

— அப்படியா?

— என்ன அப்படியா? ஒரே வீட்ல பக்கத்து ரூம்ல இருந்துக்கிட்டு, சுவர்ல காதை வெச்சு என் வாசிப்பைத் திருடினே. ரேடியோவுல ஒரே ஒரு வேலை. அதுக்கும் எனக்குப் போட்டியா மனு போட்டே. விடுவேனா? மூணு மாசம் வேணும்னே தப்பா வாசிச்சேன். நீ அதையே உருப்போட்டுட்டுப் போய், தேர்வுல அத்தனை பேர் முன்னாடியும் அசிங்கப்படணும்னு!

— படலையே.

— எங்க பட்டே? புதுசா இருக்குன்னு எழுந்து நின்னு கை தட்டினாங்க. எனக்கு வயிறு பத்தி எரிஞ்சுது.

— நீங்க மேல கொண்டுபோய் அம்போன்னு விட்டுட்டீங்க. அங்கேருந்து இறங்க நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். அது மட்டும்தான் அத்தான் என்னுது.

— ரொம்பப் பீத்திக்காதே. இப்பவே போய் மைக்கைப் பிடிச்சு எல்லாத்தையும் சொல்லப்போறேன்.

— தாராளமா. அந்தத் தேர்வுல எனக்கு அடுத்து நீங்க வாசிச்சப்ப என்ன ஆச்சுன்னும் சேர்த்துச் சொல்லுங்க.

— அது வந்து...

— சொல்லுங்க அத்தான்.

— சரியாத்தான்டா வாசிக்கப் போனேன். விரல் பேச்சைக் கேக்கலை. அதுபாட்டுக்கு மேல ஏறிடுச்சு. ‘என்ன சார், மச்சானைப் பார்த்துக் காப்பியா?’ன்னு சிரிச்சாங்க. இன்னிவரைக்கும் எனக்குக் கீழ இறங்க வரலைடா, பாவி!

— அக்கா கல்யாணம் ஆன புதுசுல, கத்துக்குடுங்கன்னு உங்ககிட்ட வந்து நின்னேன். சொந்தக்காரங்க அத்தனை பேர் நடுவுல, ‘குரங்குக்கு எதுக்குடா வயலின்?’னு கேட்டீங்க.

— அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

— நீங்க தப்பா வாசிக்கிறது முதல் நாளே எனக்குத் தெரியும். நான் வெளிய போயிட்டா சரியா வாசிக்கிறீங்கன்னு அக்காவும் சொன்னா.

— தெரிஞ்சும் ஏன்டா உட்கார்ந்து கேட்டே?

— நான் இருந்தாத்தானே தப்பா வாசிப்பீங்க? அதான், மூணு மாசமா சுவரோரத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை.